அட்டையை எடுத்தவளும் கணக்குப் போட்டவளும்

1

கணக்குக்குச் சாதி கிடையாது என்கிறார்கள். இரண்டும் இரண்டும் ஊரில் கூட்டினாலும் நாலுதான், சேரியில் கூட்டினாலும் நாலுதான். சரி, ஒத்துக்கொள்வோம். கணக்குக்குக் கிடையாது. கணக்குப் போட்டவள் மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்த மேசைக்கு இருந்ததே, அதை என்ன செய்வது?

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்துக் கடலோரம் ஹாம்ப்டன் என்று ஓர் ஊர். 1619இல் ஆங்கிலேயர் குடியேறிய அந்த மண்ணுக்கு முதன்முதலாக ஆப்பிரிக்க மக்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுவந்து இறக்கியது இந்தக் கரையில்தான். அதே ஊரில்தான் லாங்லி விமான ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. முதலில் அது என்.ஏ.சி.ஏ. என்ற அரசுக் குழுவின் கீழ் இருந்தது. 1958இல் அந்தக் குழு நாசாவாக மாறியது. விமான இறக்கையைக் காற்றுச் சுரங்கத்துக்குள் வைத்து, எந்த வேகத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று அங்கே அளந்தார்கள். அளந்து வந்த எண்களைப் பெருக்கி, வகுத்து, வரைபடமாக்கித் தர ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர்தான் கம்ப்யூட்டர். இன்றைக்கு மேசைமேல் இருக்கிற பெட்டிக்கு வருவதற்கு முன்னால் அந்தப் பெயர் ரத்தமும் சதையுமான மனுசிகளுக்கு இருந்தது.

லாங்லியில் 1935இல் ஐந்து வெள்ளைப் பெண்களோடு இந்தப் பிரிவு தொடங்கியது. 1943இல் கறுப்பினப் பெண்களைச் சேர்த்தார்கள். எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள். பலபேர் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள். வெள்ளைப் பெண்களுக்குக் கிழக்குப் பகுதி, இவர்களுக்கு மேற்குப் பகுதி. வேலை ஒன்று. அறை வேறு, கழிப்பறை வேறு. உணவுக்கூடத்தின் பின்பக்கத்தில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு வெள்ளை அட்டை. 'கறுப்பினக் கம்ப்யூட்டர்கள்' என்று அதில் எழுதியிருந்தது. விமானத்தைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று தசமப் புள்ளி பிசகாமல் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, எந்த நாற்காலியில் உட்காரணும்னு அட்டை வைத்துச் சொன்னார்கள். இரட்டைக் குவளையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இந்தப் பெண்களில் சிலர் இன்று உலகப்புகழ் பெற்றுவிட்டார்கள். புத்தகம் வந்தது, படம் வந்தது, பதக்கம் வந்தது. நம் பிள்ளைகளுக்கும் நாம் இவர்களைச் சொல்லுகிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் சொல்லும்போது ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஒடுக்கப்பட்டவர் தான் மனிதர் என்பதைத் திறமையால் நிரூபிக்க வேண்டுமா? நிரூபித்தவரைக் கொண்டாடும்போது, நிரூபிக்க முடியாதவருக்கு நாம் என்ன செய்தி அனுப்புகிறோம்?

2

முதலில் கதவு எப்படித் திறந்தது என்று பார்ப்போம். அறிவு இருந்தால் கதவு தானாகத் திறக்கும் என்பது பொதுப்புத்தி. லாங்லியின் கதவு அப்படித் திறக்கவில்லை. ரயில் தூங்கும் பெட்டிகளில் ஏவல் செய்த கறுப்பினத் தொழிலாளர்களின் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். யுத்தத் தளவாட வேலைகளில் எங்கள் சனங்களைச் சேர்க்காவிட்டால் ஒரு லட்சம் பேரோடு வாஷிங்டனுக்கு ஊர்வலம் வருவோம் என்று அவர் 1941இல் அறிவித்தார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அந்த வருடம் ஜூன் 25இல், பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாடு கூடாது என்று 8802ஆம் எண் ஆணையில் கையெழுத்துப் போட்டார். பிறகு யுத்தம் வந்தது. ஆள் தட்டுப்பாடு வந்தது. அதன் பிறகுதான் கணக்குப் படித்த கறுப்புப் பெண்கள் ஹாம்ப்டன் வட்டாரத்தில் இருக்கிறார்கள் என்பதே லாங்லியின் கண்ணுக்குத் தெரிந்தது. சுமை தூக்கினவர்களின் சங்கம் மிரட்டிய மிரட்டலில்தான் பட்டதாரிகளுக்கு வேலை கிடைத்தது. நம்மில் படித்து மேலே வந்தவர்கள் இந்த வரிசையை மறக்கக்கூடாது.

கேத்தரின் ஜான்சனை எடுத்துக்கொள்வோம். 1918இல் மேற்கு வர்ஜீனியாவின் வெள்ளைக் கந்தக ஊற்று என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு சிற்றூரில் பிறந்தவர். அந்த வட்டாரத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அவருடைய அப்பா 120 மைல் தள்ளி இன்ஸ்டிடியூட் என்ற ஊரில் குடும்பத்தை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். 14 வயதில் பள்ளிப்படிப்பு, 18 வயதில் கல்லூரிப் படிப்பு முடிந்தது. கல்லூரியில் கிளேட்டர் என்ற கறுப்பினக் கணிதப் பேராசிரியர், இந்த ஒரு மாணவிக்காகவே விண்வெளி வடிவகணிதத்தில் தனிப் பாடமே ஏற்படுத்தினார்.

அறிவு அவரிடம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் அதே சிற்றூரில் அதே எட்டாம் வகுப்பில் அவரோடு உட்கார்ந்திருந்த மற்ற சிறுமிகள்? அவர்களுடைய அப்பன்மாரால் 120 மைல் போக முடிந்திருக்காது. அவர்களுக்குள் எத்தனை கணக்கு இருந்தது என்று எந்தத் தேர்வு சொல்லும்? ஒரு மேதையின் வரலாறு எழுதும்போது, எழுதப்படாமல் போன ஒரு வகுப்பறையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. டாரதி வாகன் 1943 டிசம்பரில் லாங்லிக்கு வருவதற்கு முன் ஃபார்ம்வில் என்ற ஊரில் மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி, இடம் போதாத பள்ளி. 1951இல் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் அந்தப் பள்ளி மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தாள். அந்த வழக்கும் சேர்ந்துதான் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் வருடத்து உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்த மாவட்டத்து வெள்ளை நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? கறுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருவதைவிடப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று 1959இல் அத்தனை அரசுப் பள்ளிகளையும் இழுத்து மூடியது. 1964 வரை திறக்கவில்லை. 1962 பிப்ரவரி 20இல் ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றிவந்தார். அந்தப் பாதைக்கான எண்களைக் கையால் சரிபார்த்தவர் ஒரு கறுப்பினப் பெண். அன்றைக்கு அதே வர்ஜீனியாவில் ஒரு மாவட்டத்துக் கறுப்பினச் சிறுவர்களுக்குக் கூட்டல் சொல்லித்தர ஒரு அரசுப் பள்ளிகூட இல்லை. இந்த இரண்டு செய்தியையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே பொய் சொல்லும்.

3

இனி அந்த அட்டைக்கு வருவோம்.

மிரியம் மான் என்று ஒரு பெண். மேற்குப் பகுதிக்கு 1943இல் முதலில் வந்தவர்களில் ஒருவர். ஒருநாள் உணவுக்கூடத்து மேசைமேல் இருந்த அட்டையை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மறுபடி புது அட்டை வந்தது. மறுபடி எடுத்தார். வேலை போய்விடும் என்று வீட்டுக்காரர் பயந்தார். அவர் நிறுத்தவில்லை. அட்டை வைக்கிறதும் எடுக்கிறதுமாக நடந்து, ஒருநாள் அட்டை வருவது நின்றுபோனது. மார்கோ லீ ஷெட்டர்லி 2016இல் எழுதிய 'ஹிடன் ஃபிகர்ஸ்' புத்தகத்தில் இது பதிவாகியிருக்கிறது. ஊர்வலம் இல்லை, கோஷம் இல்லை. ஒரு கைப்பை, அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தைப் படமாக எடுத்தார்கள். படத்தில் மிரியம் மான் இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு காட்சி. கேத்தரின் ஜான்சன் கறுப்பினப் பெண்களுக்கான கழிப்பறையைத் தேடி மழையில் அரை மைல் ஓடிப்போய் வருகிறார். எங்கே போனாய் என்று வெள்ளை மேலதிகாரி கேட்கிறார். அவர் வெடித்துச் சொல்கிறார். அதிகாரி கடப்பாரையோடு போய்க் கழிப்பறைப் பலகையை அடித்து உடைக்கிறார். அரங்கமே கைதட்டும் காட்சி. நடக்கவே நடக்காத காட்சி. அப்படி ஓர் அதிகாரியும் இருக்கவில்லை. உண்மையில் ஜான்சன் பலகை எதுவும் மாட்டாத கழிப்பறையைப் பயன்படுத்திவந்தார். அது வெள்ளைப் பெண்களுடையது என்று பிற்பாடு யாரோ சொன்னபோதும் மாறப்போவதில்லை என்று இருந்துவிட்டார்.

இதைப் பற்றிக் கேட்டபோது இயக்குநர், நல்லது செய்கிற வெள்ளையரும் இருக்கத்தான் வேண்டும், நல்லது நடந்தால் சரி, யார் செய்தால் என்ன என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். நியாயமாகத் தோன்றும் பேச்சு. நம்மிடமும் இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. தேநீர்க் கடையில் குவளை ஒன்றாகிவிட்டதா இல்லையா, அதைப் பாருங்க, யார் மாத்தினா என்ன என்பார்கள்.

யார் செய்தால் என்ன என்பதற்கு இரண்டு பதில் உண்டு. ஒன்று, அட்டை வைத்தவன் கூட்டத்து ஆளே அதை எடுத்தால் அது தர்மம். தர்மம் போட்டவன் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அட்டைக்குக் கீழே உட்காரவைக்கப்பட்டவள் எடுத்தால் அது உரிமை. அவள் கையிலிருந்து மறுபடி பிடுங்க வேண்டுமானால் அவளோடு மோத வேண்டும். இது நமக்குத் தெரிந்த பதில்தான்.

இரண்டாவது பதில் இன்னும் ஆழமானது. படத்தில் அந்த அதிகாரி ஏன் பலகையை உடைக்கிறார்? விண்கலத்துக்கான கணக்கு தாமதமாகிறது. அவருக்கு வேண்டிய மேதை, கழிப்பறைக்கு ஓடியே நேரத்தைத் தொலைக்கிறாள். பலகை உடைவது அவள் மனுசி என்பதற்காக அல்ல, அவள் மூளை தேவைப்படுகிறது என்பதற்காக. அந்தக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கும் கறுப்பினப் பெண்ணும் அதே தூரம்தான் நடக்கணும். அவளுக்காக அந்தக் கடப்பாரை எழுந்திருக்குமா? எழுந்திருக்காது. அவள் தாமதமானால் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

மிரியம் மான் எடுத்த அட்டைக்கு அப்படி ஒரு காரணம் கிடையாது. அட்டை இருந்ததால் கணக்கு தாமதமாகவில்லை, ஒரு ராக்கெட்டும் நிற்கவில்லை. அது அவமானம். ஆகவே எடுத்தார். கணக்கில் அவர் கேத்தரின் ஜான்சனுக்கு நிகரா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

4

மாணவியர் விடுதி ஒன்றில் இந்தப் படத்தைப் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். எல்லோரும் நம்மாலும் முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "அக்கா, நான் கணக்குல நாப்பது மார்க்குக்கு மேல எடுத்ததில்ல. இந்தப் படத்துல எனக்கு என்ன இருக்கு?"

சிலர் சிரித்தார்கள். சிரிக்கிற கேள்வி இல்லை அது. நமது தகுதி-திறமைச் சொல்லாடல் முழுவதையும் அந்தப் பிள்ளை ஒரே வரியில் கட்டுடைத்துவிட்டாள்.

உங்களிடம் தகுதி இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். நாம் உடனே ஒரு பட்டியலை நீட்டுகிறோம்: இதோ பார், எங்கள் மேதைகள். அந்தப் பட்டியல் பொய்யல்ல. ஆனால் பட்டியலை நீட்டும் அந்தக் கணத்தில், மதிப்புக்கு அளவுகோல் திறமைதான் என்ற அவர்களுடைய சட்டத்துக்கு நாமும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஆதிக்க சாதியில் பிறந்த மக்குப் பையனை யாரும் நிரூபி என்று கேட்பதில்லை. அவன் நாற்பது மார்க் வாங்கினாலும் கோயிலுக்குள் போகலாம், தெருவில் செருப்போடு நடக்கலாம். நாம் மட்டும் நூறு வாங்கிவிட்டு வந்து, இப்போ நடக்கலாமா என்று கேட்கணுமா?

சரி, நூறு வாங்கினால்தான் விடுகிறார்களா? அம்பேத்கரைவிடப் படித்தவர் யார்? கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசில் வேலை பார்க்கப் போனபோது, தங்குவதற்கு அந்த ஊரில் ஓர் அறை கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்தும் தடியோடு வந்து துரத்தினார்கள். அதை அவரே எழுதியிருக்கிறார். பத்து வருடம் கழித்து, 1927இல் மகாட் குளத்துக்குத் தண்ணீர் அள்ளப் போனபோது அவர் தன் பட்டங்களைக் காட்டித் தண்ணீர் கேட்கவில்லை. ஒரு பட்டமும் இல்லாத ஆயிரக்கணக்கான சனங்களோடு போய்க் குனிந்து அள்ளினார். தண்ணீர் குடிக்கத் தகுதி என்ன? தாகம்தான். இந்த ஒப்பீட்டை நான் இழுத்து வைத்துக் கட்டவில்லை. கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்கு 1946இல் அம்பேத்கரே கடிதம் எழுதி, இரண்டு மக்களின் நிலையும் ஒன்றுபோல் இருப்பதைச் சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் மேதைகளைப் பேசவே வேண்டாமா என்று கேட்பீர்கள். பேச வேண்டும். ஒரு கறுப்புச் சிறுமி விண்வெளிக் கணக்கில் தன்னைப்போல ஒரு முகத்தைப் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை. அவள் கனவுக்கு அது எருப்போடும். மறைக்கப்பட்ட உழைப்பை மீட்பதும் நீதிதான். லாங்லி அறிக்கைகளில் கம்ப்யூட்டர்களின் பெயர் சாதாரணமாக வராது. எஞ்சினியரின் பெயர்தான் வரும். பூமியில் குறித்த ஓர் இடத்துக்கு மேலாகச் செயற்கைக்கோள் கடந்துபோக, எரிபொருள் தீரும் கணத்தில் அது எந்தத் திசைக்கோணத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிடும் அறிக்கை 1960இல் வந்தது. அதில் டெட் ஸ்கோபின்ஸ்கியோடு கேத்தரின் ஜான்சன் பெயரும் அச்சானது. அந்தப் பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் ஆசிரியராக வந்தது அதுதான் முதல்முறை. ஆராய்ச்சிக் கூட்டங்களுக்குப் பெண்கள் போவதில்லை என்றபோது, கூடாதென்று சட்டம் இருக்கிறதா என்று கேட்டு உள்ளே போனவர் அவர். கிளென் பயணத்துக்கு முன்னால் ஐ.பி.எம். 7090 எந்திரம் தந்த எண்களை மேசைக் கணக்கு எந்திரத்தில் ஒன்றரை நாள் உட்கார்ந்து சரிபார்த்தார். அப்போதும் கிளென் அவரைப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, அந்தப் பெண்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார். ஜான்சனுக்கு அப்போது வயது 43. உயிரை நம்பிக் கொடுக்கலாம், பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆம்பளை உலகத்தின் நியாயம் அது.

ஆகவே சிக்கல் மேதையிடம் இல்லை, மேதையை நாம் எதற்குச் சாட்சியாக நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. அலுவலகத்துக்குள் பிரிவினையைத் தான் உணரவில்லை என்று ஜான்சன் பிற்காலத்தில் சொன்னார். அது அவருடைய அனுபவம், அவருடைய உறுதி. ஆனால் அதையே பிடித்துக்கொண்டு, பாருங்கள், திறமை இருந்தால் பிரிவினை தெரியாது என்று சொல்கிறவன் அயோக்கியன். அதே வளாகத்தில் மேரி ஜாக்சன் கழிப்பறை எங்கே என்று கேட்டதற்கு வெள்ளைப் பெண்கள் சிரித்தார்கள்.

5

இந்தக் கணக்கெல்லாம் யாருக்காக என்ற கேள்வியையும் கேட்டுவிட வேண்டும். லாங்லி கம்ப்யூட்டர்கள் யுத்த காலத்தில் போட்டது போர் விமானங்களுக்கான கணக்கு. பிறகு போட்டது வல்லரசுப் போட்டிக்கான கணக்கு. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள், மார்ட்டின் லூதர் கிங்குக்குப் பிறகு இயக்கத்தை நடத்திய ரால்ஃப் அபர்நாதி ஏழைகளைத் திரட்டிக்கொண்டு கோவேறு கழுதை வண்டிகளோடு ஏவுதளத்துக்கே வந்தார். நிலாவுக்குப் போகிற நாட்டில் பசி ஏன் என்பது அவர் கேள்வி. நாசாவின் தலைவர் தாமஸ் பெயின் வெளியே வந்து அவரிடம் பேசவேண்டியிருந்தது.

வேலிக்கு உள்ளே கணக்குப் போட்ட கறுப்புப் பெண், வேலிக்கு வெளியே கழுதை வண்டியோடு நின்ற கறுப்புச் சனம். யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. இது மழுப்பல் இல்லை. அபர்நாதி அறிவியலுக்கு எதிரி இல்லை, விண்வெளி வீரர்களுக்காகப் பிரார்த்தனையும் செய்தார். அவர் கேட்டது, எங்களையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள் என்பது. உள்ளே போன நம் ஆளால் வெளியே நிற்கிற நம் ஆளின் குரல் கேட்கும் தூரத்தில் நிற்க முடிகிறதா? உள்ளே போனவரை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான்.

6

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எனக்குப் பெரிதாகத் தெரிகிறவர் மேரி ஜாக்சன்.

ஹாம்ப்டனிலேயே பிறந்தவர். 1951இல் மேற்குப் பகுதியில் கம்ப்யூட்டராகச் சேர்ந்தார். காற்றுச் சுரங்கத்தில் வேலைபார்க்கும்போது எஞ்சினியராகலாம் என்று ஊக்கம் கிடைத்தது. அதற்கான பாடங்கள் நடந்ததோ வெள்ளையர் பள்ளிக் கட்டடத்தில். நகர நிர்வாகத்திடம் விண்ணப்பித்து அனுமதி வாங்கித்தான் உள்ளே போக முடிந்தது. போய்ப் பார்த்தால் பழசாகிப் பாழடைந்த கட்டடம். இதற்குள் விடத்தானா இத்தனை நாள் மறுத்தார்கள் என்று திகைத்தாராம். தீண்டாமையின் சூட்சுமமே இதுதான். உள்ளே பொக்கிஷம் எதுவும் இல்லை. கதவு மட்டும்தான் இருந்தது. 1958இல் அவர் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் எஞ்சினியர் ஆனார்.

கதையை வழக்கமாக இங்கேயே முடித்துவிடுவார்கள். ஆனால் 1979இல் அவர் வேறொன்று செய்தார். எஞ்சினியர் பதவியைவிட்டு இறங்கி, தரத்தில் குறைந்த ஒரு பதவிக்குப் போனார். பெண்களும் கறுப்பினத்தாரும் வேலைக்கு வரவும் உயர்வு பெறவும் வழிசெய்கிற அலுவல் அது. எத்தனை பாடுபட்டு ஏறின ஏணி! தானே இறங்கி வந்து அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். 1985இல் அந்த வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார். வாஷிங்டனில் உள்ள நாசா தலைமையகத்துக்கு 2020இல் அவர் பெயரைச் சூட்டுவதாக அறிவித்தார்கள். முதல் பெண் எஞ்சினியர் என்ற வரியைவிட இறங்கி வந்தவர் என்ற வரிக்குத்தான் அந்தப் பெயர் பொருத்தம்.

டாரதி வாகனும் அப்படித்தான். 1949 முதல் மேற்குப் பகுதிக்குத் தலைமை வகித்தவர். என்.ஏ.சி.ஏ.வில் முதல் கறுப்பினத் தலைமைப் பணியாளர். எந்திரக் கம்ப்யூட்டர் வந்தால் மனுசக் கம்ப்யூட்டருக்கு வேலை போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, ஃபோர்ட்ரான் மொழியைத் தானும் கற்றார், தன்னோடு இருந்த பெண்களையும் கற்கவைத்தார். 1958இல் மேற்குப் பகுதி கலைக்கப்பட்டது. பிரிவினை போயிற்று, நல்லது. கூடவே அவருடைய தலைமைப் பதவியும் போயிற்று. 1971இல் ஓய்வு பெறும்வரை இன்னொரு தலைமைப் பதவி அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ஒரே அறையில் உட்காரவைத்தார்கள், தலைமாட்டில் உட்காரவைக்கவில்லை. சமத்துவபுரம் பற்றிப் பேசுகிற நாம் இதை யோசிக்க வேண்டும்.

1967இல் வந்த கிறிஸ்டின் டார்டன் ஒரு கேள்வி கேட்டார். என்னைப்போலவே படித்துவிட்டு வருகிற ஆண்களை எஞ்சினியர் பிரிவில் போடுகிறீர்கள், பெண்களை மட்டும் ஏன் கம்ப்யூட்டர் அறையில் போடுகிறீர்கள்? மேலதிகாரிக்குப் பதில் தெரியவில்லை. அதுவரை யாரும் கேட்கவில்லை என்றார். டார்டனை 1973இல் எஞ்சினியரிங் பிரிவுக்கு மாற்றினார்கள். 1983இல் அவர் டாக்டர் பட்டம் வாங்கினார். அட்டைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று மேசைமேல் கண்ணுக்குத் தெரிகிறது. அதை எடுக்கக் கைப்பை போதும். இன்னொன்று யாரும் கேட்காததால் நடந்துகொண்டே இருக்கிறது. அதை எடுக்கக் கேள்விதான் வேண்டும். பெண்ணுக்கு எதிரான அட்டைகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. அவற்றை வைத்ததில் நம் தோழர்களின் கைகளுக்கும் பங்கு உண்டு. நம் கூட்டங்களில் தீர்மானம் எழுதுகிறவர் யார், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கிறவர் யார் என்று பார்த்தாலே தெரியும்.

அந்த விடுதிப் பிள்ளைக்கு அன்றைக்கு நான் மிரியம் மான் கதையைத்தான் சொன்னேன். படத்தில் உனக்கு எதுவும் இல்லாமல் இருக்கலாம், வரலாற்றில் இருக்கிறது என்றேன். அட்டையை எடுக்க மார்க் தேவையில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தம்மா எத்தன தடவ எடுத்தாங்க?" என்று கேட்டாள். எண்ணி யாரும் எழுதி வைக்கவில்லை என்றேன். "அவங்க வைக்கிறத நிறுத்துற வரைக்கும்னு வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.